தயார் என்று சொன்ன பிறகு

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு "க்யூவுல வேலை பாக்குறேன்" என்று சொன்னால், தர்ம தரிசன வரிசையில் கயிறு பிடிக்கிற வேலை என்றுதான் நினைப்பார்கள். என் சித்தப்பா ஒருவர் பௌர்ணமிக்குப் பௌர்ணமி போன் பண்ணி, "சீக்கிரம் உள்ள விட முடியுமாடா?" என்று கேட்பார். அவரிடம் விளக்கிச் சலித்துவிட்டேன். நான் பார்ப்பது மனிதர்கள் நிற்கும் வரிசை அல்ல, செய்திகள் நிற்கும் வரிசை. ஐபிஎம் எம்க்யூ என்ற மென்பொருளை நிறுவுவது, பராமரிப்பது, பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாற்றுவது. 2020இல் அலுவலகம் வீட்டுக்கு வந்ததிலிருந்து, மலை தெரிகிற ஒரு மாடி அறையில் உட்கார்ந்து இதைச் செய்கிறேன்.

இந்தக் கட்டுரை அந்த மென்பொருளின் ஒரு சின்னத் துண்டைப் பற்றியது. 2012 வரை அந்தத் துண்டுக்கு மட்டும் தனியாக உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அதற்கு ஏன் தனி விலை, அந்த விலையைக் கொடுக்காதபோது அது யார் தலையில் விழுந்தது என்பதைத்தான் சில வருடங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

*

முதலில் வரிசை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நிரல் இன்னொரு நிரலோடு பேச இரண்டு வழிகள். ஒன்று போன் மாதிரி: எதிர்முனையில் ஆள் எடுத்தால்தான் பேச்சு. இன்னொன்று தபால் மாதிரி: எழுதிப் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம், அவர் ஊரில் இல்லாவிட்டாலும் வந்து எடுத்துக்கொள்வார். எம்க்யூ இரண்டாவது வகை. நடுவில் தபால் நிலையமாக இருப்பது க்யூ மேனேஜர். அது செய்தியை வட்டில் எழுதி வைத்துக்கொள்ளும், மின்சாரம் போய் வந்தாலும் தொலைக்காது. அந்தத் தபால் நிலையத்துக்குக் கடிதம் கொண்டுபோகிற, அங்கிருந்து வாங்கி வருகிற சின்ன மென்பொருள்தான் கிளையன்ட்.

வங்கிகளுக்கு நடுவே பணம் என்பதே இப்படிப்பட்ட செய்திதான். ஹைதராபாத்தில் ரிசர்வ் வங்கி நிறுவிய ஐடிஆர்பிடி, 2001 டிசம்பரில் எஸ்எஃப்எம்எஸ் என்ற செய்தி அமைப்பைத் தொடங்கியது. 2005இல் வந்த நெஃப்ட்டில் நீங்கள் அனுப்பும் ஐந்நூறு ரூபாய், அந்த வடிவத்தில் எழுதப்பட்ட ஒரு செய்தியாகவே போகிறது. நோட்டு எங்கும் நகர்வதில்லை. ஒரு இடத்தில் கழிக்கிறார்கள், ஒரு செய்தி போகிறது, இன்னொரு இடத்தில் கூட்டுகிறார்கள்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். கழிப்பது தரவுத்தளத்தில் நடக்கிறது. செய்தி வரிசையில் போய் விழுகிறது. இரண்டும் வேறு வேறு மென்பொருள்கள், பல நேரங்களில் வேறு வேறு கணினிகள். கழித்த மறுநொடி கரண்ட் போனால்? கணக்கில் பணம் குறைந்துவிட்டது, செய்தி போகவில்லை. சரி, முதலில் செய்தியை அனுப்பிவிட்டுப் பிறகு கழிக்கலாமா? இப்போது செய்தி போய்விட்டது, பணம் கழியவில்லை. வரிசையை எப்படி மாற்றிப் போட்டாலும் நடுவில் ஒரு இடுக்கு இருக்கும். அந்த இடுக்கில் யாருடைய பணமாவது போய் மாட்டும்.

ஒரே க்யூ மேனேஜருக்குள் பத்துச் செய்திகளை ஒன்றாகக் கட்டி, போனால் பத்தும் போக வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் போகக் கூடாது என்று சொல்வது எளிது. ஒரே தரவுத்தளத்துக்குள்ளும் அப்படித்தான். ஆனால் ‘ரெண்டும் நடக்கணும், இல்லேன்னா ரெண்டும் நடக்கக் கூடாது’ என்பதை இரண்டு தனித்தனி அமைப்புகளுக்கு நடுவே எப்படிச் சாதிப்பது?

*

இதற்கான விடை 1970களிலேயே இருக்கிறது. ஜிம் கிரே 1978இல் எழுதிய தரவுத்தளக் குறிப்புகளில் அதைத் தெளிவாக விவரித்திருக்கிறார். பெயர், டூ ஃபேஸ் கமிட். இரண்டு கட்ட ஒப்புதல் என்று வைத்துக்கொள்ளலாம். புத்தகத்தில் படித்தபோது எனக்கு இது மண்டையில் ஏறவில்லை. தீபத்தன்று யோசித்தபோது ஏறியது.

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு இங்கே இரண்டு இடங்களில் ஒரே காரியம் நடக்க வேண்டும். கீழே கோயிலுக்குள் அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டு வெளியே வருவார். வருடத்தில் அந்தச் சில நிமிடங்கள் மட்டும்தான் அவருக்கு வெளிக் காட்சி. அந்த நேரத்தில் கொடிமரத்துக்கு முன்னால் அகண்ட தீபம் ஏற்றப்படும். மேலே 2,668 அடி உயரத்தில் கொப்பரையில் மகா தீபம் ஏறும். முன்பின் ஆகக் கூடாது. கீழே சாமி வராமல் மேலே எரிந்தாலும் தப்பு, சாமி வந்து திரும்பிப் போன பிறகு எரிந்தாலும் தப்பு.

இதை எப்படிச் செய்கிறார்கள்? கொப்பரை முன்கூட்டியே மலைக்குப் போய்விடுகிறது. ஆயிரக்கணக்கான கிலோ நெய், திரிக்குக் காடாத்துணி, கற்பூரம் எல்லாம் ஏறுகின்றன. தீபம் ஏற்றும் உரிமை பெற்ற பர்வதராஜ குலத்தினர் மேலே காத்திருப்பார்கள். எல்லாம் வைத்தாகிவிட்டது, இனி குச்சி கிழிப்பதுதான் பாக்கி. இது முதல் கட்டம். அவர்கள் ‘தயார்’. ஆனால் ஏற்ற மாட்டார்கள். கீழிருந்து அடையாளம் வர வேண்டும். வந்ததும் ஏற்றுவார்கள். அது இரண்டாம் கட்டம்.

மென்பொருளிலும் இவ்வளவுதான். நடுவில் ஒருங்கிணைப்பவர் ஒருவர் இருப்பார், பெயர் ட்ரான்ஸாக்ஷன் மேனேஜர். முதலில் தரவுத்தளத்தையும் க்யூ மேனேஜரையும் பார்த்து "தயாரா?" என்று கேட்பார். தயார் என்று சொல்வது சாதாரணச் சொல் அல்ல. சொல்வதற்கு முன் எல்லாவற்றையும் வட்டில் எழுதிவிட வேண்டும். கரண்ட் போய் வந்தாலும், மெஷினே விழுந்து எழுந்தாலும், என்னால் இதை முடிக்கவும் முடியும், கலைக்கவும் முடியும் என்ற வாக்கு அது. இரண்டு பேரும் தயார் என்றால் "முடி" என்று உத்தரவு போகும். ஒருவர் மறுத்தாலும் எல்லோருக்கும் "கலை".

இதில் ஒரு பயங்கரமான இடம் உண்டு. தயார் என்று சொன்ன பிறகு, தீர்ப்பு வருவதற்கு முன், ஒருங்கிணைப்பவரோடு தொடர்பு அறுந்துவிட்டால்? மலைமேல் மேகம் இறங்கிவிட்டது, கீழே ஒன்றும் தெரியவில்லை, கையில் எந்தக் கருவியும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பவர்களுக்கு ஏற்றவும் உரிமை இல்லை, கொப்பரையைக் கவிழ்த்துவிட்டு இறங்கவும் உரிமை இல்லை. காத்திருக்கத்தான் வேண்டும். மென்பொருளில் இந்த நிலைக்கு இன்-டவுட் என்று பெயர். சந்தேகத்தில் நிற்பது. சந்தேகத்தில் நிற்கும்போது அந்தப் பதிவுகள் பூட்டப்பட்டே இருக்கும். வேறு யாரும் தொட முடியாது.

*

இப்போது உரிமத்துக்கு வருகிறேன்.

எம்க்யூ 1993இல் எம்க்யூசீரிஸ் என்ற பெயரில் வந்தது. 2002இல் வெப்ஸ்பியர் எம்க்யூ ஆனது, 2014இல் ஐபிஎம் எம்க்யூ. பெயர் எப்படி மாறினாலும் விற்கிற முறை பெரிதாக மாறவில்லை. க்யூ மேனேஜர் ஓடும் கணினிக்குப் பணம், அதன் ப்ராசஸர் கணக்குப்படி. கிளையன்ட் இலவசம். இறக்கி எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். கடிதம் கொண்டுபோகிறவனுக்குக் காசு வேண்டாம், தபால் நிலையத்துக்குக் கொடுத்தால் போதும். நியாயமான ஏற்பாடு.

ஆனால் அந்த இலவசக் கிளையன்டால் ஒன்று மட்டும் முடியாது. ஒரு க்யூ மேனேஜருக்குள் நடப்பதை ஒன்றாகக் கட்டும். வெளியே இருக்கும் ட்ரான்ஸாக்ஷன் மேனேஜர் வந்து, "தரவுத்தளமும் நீயும் சேர்ந்து முடிக்கணும், தயாரா?" என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லத் தெரியாது. இந்தக் கேள்வி பதிலுக்கு எக்ஸ்ஏ என்று ஒரு பொது மொழி இருக்கிறது, எக்ஸ்/ஓப்பன் அமைப்பு 1991இல் வகுத்தது. அந்த மொழி பேசும் கிளையன்ட் தனி. எக்ஸ்டெண்டட் ட்ரான்ஸாக்ஷனல் கிளையன்ட் என்று பெயர், அதற்குத் தனி உரிமம். அது வேண்டாம் என்றால் உங்கள் நிரல் ஓடும் கணினியிலேயே முழு க்யூ மேனேஜரை நிறுவ வேண்டும். அதற்கும் காசுதான்.

நிறுவுவது என்னவோ சின்ன வேலை. லினக்ஸில் பொட்டலத்தைப் பிரித்தால் முதலில் உரிம ஸ்கிரிப்டை ஓட்டச் சொல்லும். திரையில் ஒப்பந்தம் பக்கம் பக்கமாக வரும். 1 அழுத்தினால் சம்மதம், 2 அழுத்தினால் மறுப்பு. ஒப்பந்தம் பல மொழிகளில் கூடவே வருகிறது. லிதுவேனிய மொழியில் உண்டு, ஸ்லோவேனிய மொழியில் உண்டு. தமிழில் இல்லை. முழுதும் படித்துவிட்டு 1 அழுத்திய மனிதரை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. பிறகு ஆர்பிஎம் பொட்டலங்களை ஒவ்வொன்றாக ஏற்றினால் ஆப்ட் அடைவில் எம்க்யூஎம் என்று ஒரு கோப்புறை, அதே பெயரில் ஒரு பயனர். 1414 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டு ஒரு சோதனைச் செய்தி போட்டுப் பார்க்க வேண்டும். 2035 என்று பிழை எண் வந்தால் அனுமதி இல்லை, 2059 வந்தால் க்யூ மேனேஜர் கிடைக்கவில்லை. இந்த இரண்டு எண்களும் எங்கள் தொழிலில் சளி, காய்ச்சல் மாதிரி.

நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் வேறு. அனுப்புவது இலவசம். எத்தனை லட்சம் செய்தி வேண்டுமானாலும் அனுப்பு. ‘நான் தயார், நீ சொல்கிறபடி முடிப்பேன் அல்லது கலைப்பேன்’ என்ற வாக்குக்கு மட்டும் விலை. உரிமத்தின் கோட்டை மிகச் சரியாக அந்த வாக்கின் மேல் போட்டிருந்தார்கள். அந்த வாக்கு யாருக்கு அவசியமோ அவர்களிடம் பணம் இருக்கும் என்ற கணக்காக இருக்கலாம். வியாபாரமாக அதில் தப்பில்லை. ஆனால் பணம் இல்லாதவர்களுக்கும் அந்த இடுக்கு அதே அகலத்தில்தான் இருந்தது.

*

2010 வாக்கில் சென்னையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். தவணைக் கடன் கொடுக்கும் ஒரு நிதி நிறுவனத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தோம். கிளையில் தவணை கட்டினால் கிளையின் தரவுத்தளத்தில் ரசீது பதிவாகும், தலைமை அலுவலகத்துக்கு வரிசை வழியாகச் செய்தி போகும். விலைப்பட்டியலில் அந்தத் தனிக் கிளையன்ட் ஒரு வரியாக இருந்தது. வாடிக்கையாளர் தரப்பிலிருந்து வந்தவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"இது என்ன, கிளையன்ட் ஃப்ரீன்னு சொன்னீங்களே?"

"ஃப்ரீதான் சார். இது வேற. ரசீதும் மெசேஜும் ஒண்ணா..."

"எத்தனை தடவை அப்படித் தவறும்?"

"ரொம்பக் கம்மிதான் சார். லட்சத்துல சிலது."

"அப்போ அடிச்சிடுங்க."

அடித்தார்கள். அந்த மென்பொருளுக்குப் பெரிய பூட்டெல்லாம் இல்லை, பெரும்பாலும் நாணயத்தில் ஓடுவதுதான், தணிக்கைக்கு ஆள் வரும் வரைக்கும். சும்மா ஏற்றிவிடலாம் என்று ஒருவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். நிறுவனம் அதற்கு ஒப்பவில்லை. அதுவும் சரிதான்.

அதற்குப் பதில் ஒரு ராத்திரி வேலை வைத்தார்கள். கிளைகளின் பட்டியலையும் தலைமை அலுவலகப் பட்டியலையும் ஒத்துப் பார்ப்பது. இரவு ஒன்றரை மணிக்கு ஒரு நிரல் ஓடி, ஒத்து வராதவற்றை ஒரு தாளில் தள்ளும். அதைப் பார்க்க ஒப்பந்த அடிப்படையில் ஒரு பெண். போளூர்க்காரி, எங்கள் பக்கத்து ஊர் என்பதால் எனக்குப் பேச்சுப் பழக்கம். ஒவ்வொரு வரியாகப் பார்ப்பாள். ரசீது இருக்கிறது, செய்தி இல்லை: மறுபடி அனுப்பணும். ஆனால் செய்தி உண்மையிலேயே போகவில்லையா, போய் வழியில் நிற்கிறதா? மறுபடி அனுப்பி இரண்டும் போய்ச் சேர்ந்தால் ஒருவருக்கு இரண்டு தவணை வரவாகிவிடும். அனுப்பாமல் விட்டால் கட்டியவருக்குக் கட்டவில்லை என்று அபராதம் விழும்.

"தெனம் ஒரு இருபது பேரு தலையெழுத்து எங்கைல இருக்கு. அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது" என்று ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னாள்.

வேலை ஒப்பந்தத்தில் அவள் பதவி தரவு உதவியாளர். உண்மையில் அவள்தான் அந்த அமைப்பின் ட்ரான்ஸாக்ஷன் மேனேஜர். அடித்துவிட்ட அந்த வரியின் வேலையைத்தான் தூக்கம் விழித்துச் செய்துகொண்டிருந்தாள். உரிமத்தை மிச்சம் பிடித்தால் செலவு மறைந்துவிடுவதில்லை, வேறு ஒருவர் கணக்குக்கு மாறுகிறது. பெரும்பாலும் அது பட்டியலில் ஒரு வரியாகக்கூட இல்லாத ஒருவரின் கணக்கு.

*

2012இல் 7.5 பதிப்பு வந்தபோது ஐபிஎம் அந்தக் கோட்டை அழித்தது. தனி உரிமம் தேவையில்லை, அந்தத் திறன் சாதாரணக் கிளையன்டுக்குள்ளேயே வந்துவிட்டது. 2015இல் நிறுவவே வேண்டாத ஒரு வடிவமும் வந்தது, பிரித்து நிரலோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். வாக்கு இலவசமாகிவிட்டது.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. அதற்குள் உலகம் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கட்ட ஒப்புதலில் ஒருவர் சந்தேகத்தில் நின்றால் மற்றவர்களும் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரே நிறுவனத்துக்குள் அது பரவாயில்லை. என் வங்கியின் பதிவுகளை உன் வங்கியின் கணினி வந்து பூட்டி வைப்பதை எந்த வங்கி ஒத்துக்கொள்ளும்? ஆகவே வேறு வழி: முதலில் செய்துவிடு, தப்பிப் போனால் எதிர்க் காரியம் செய்து சரிசெய். கழித்தது போய்ச் சேரவில்லையா, திருப்பிக் கூட்டு. கார்சியா-மொலினாவும் சேலமும் 1987இல் சாகா என்ற பெயரில் எழுதிய யோசனையும் இந்த வழிதான். ஏடிஎம், யூபிஐ போன்றவற்றில் பணம் பாதியில் நின்றால் நடப்பதும் இதுதான், திருப்பிப் போடுகிறார்கள். ‘ரெண்டும் நடக்கணும்’ என்ற வாக்கின் இடத்தில் ‘நடக்காவிட்டால் இத்தனை நாளில் திருப்பித் தருகிறோம்’ என்ற கெடு வந்தது.

அந்தக் கெடுவுக்கு எழுத்து வடிவம் இருக்கிறது. 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை. ஏடிஎம்மில் கணக்கில் கழிந்து நோட்டு வராவிட்டால், நடந்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள் வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும். தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, வாடிக்கையாளர் கேட்காமலேயே. யூபிஐயில் ஆளுக்கு ஆள் அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள். நல்ல விதி. பலருக்கு இது இருப்பதே தெரியாது, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

*

எங்கள் எதிர்வீட்டு அக்கா கோயில் பக்கம் பூ விற்கிறவர். 2022இல் தீபம் டிசம்பர் 6. கொரோனாவால் இரண்டு வருடம் வெளியூர்க் கூட்டம் இல்லாமல் கிடந்து, அந்த வருடம்தான் மறுபடி ஊர் நிறைய ஜனம். அவர் போன்றவர்களுக்கு இரண்டு வருடப் பள்ளத்தை மூடுகிற நாள். 4ஆம் தேதி ஞாயிறு ராத்திரி, மறுநாள் விடியற்காலை மார்க்கெட்டில் மொத்தமாகப் பூ எடுக்க ஏடிஎம்மில் 5,000 எடுக்கப் போனார். மெஷின் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது.

"துட்டு வர்ல தம்பி. ஆனா கழிச்சிட்டதா மெசேஜ் வந்துடுச்சி. நீ கம்ப்யூட்டர்ல இந்த வேலதான பாக்குற? கொஞ்சம் பாரேன்."

அந்த ஏடிஎம்முக்கும் நான் நிறுவும் மென்பொருளுக்கும் நேர்த் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் என்ன நடந்திருக்கிறது என்று அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்ததுமே தெரிந்தது. இரண்டில் ஒன்று நடந்து ஒன்று நடக்கவில்லை. இடுக்கில் மாட்டிக்கொண்டது. வங்கியின் எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் பதிந்தோம். நேரம், ஏடிஎம் எண், பரிவர்த்தனை எண் எல்லாம் சொன்னேன். "ஐந்து நாளில் வந்துவிடும்" என்றார்கள், மரியாதையாகவே.

"அஞ்சு நாளா? தீபம் நாளைக் கழிச்சி!"

அந்த ராத்திரியே தண்டல்காரரிடம் போனார். 5,000 கேட்டால் கையில் 4,500 வரும், நூறு நாளைக்குத் தினம் 50 கட்ட வேண்டும். பூ எடுத்தார், விற்றார். 8ஆம் தேதி காலை கணக்கில் 5,000 திரும்பி வந்துவிட்டது. நான்காவது நாள். கெடுவுக்குள். ஆகவே இழப்பீடு பூஜ்யம். வங்கி விதியை மீறவில்லை, மெஷின் வைத்த நிறுவனம் மீறவில்லை, ரிசர்வ் வங்கியின் விதி சொன்னபடியே வேலை செய்தது. அக்காவுக்கு மட்டும் 500 ரூபாய் போனது. தண்டலை முன்னாடியே அடைத்துவிடலாமே என்று கேட்டேன். "மொதல்லயே புடிச்சிட்டான் தம்பி, அது வராது" என்றார்.

அந்த 500 ரூபாய்க்கு எந்தப் பதிவேட்டிலும் பெயர் கிடையாது. நான் அதைச் சந்தேகத்தின் வாடகை என்று நினைத்துக்கொள்கிறேன். ஒரு காரியம் பாதியில் நிற்கும்போது அந்தப் பாதியை யாராவது ஒருவர் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மென்பொருள் பிடித்தால் அதற்குப் பூட்டு என்று பெயர், அதற்கு ஒரு காலத்தில் உரிமத் தொகை இருந்தது. ராத்திரி ஷிப்டில் ஒரு பெண் பிடித்தால் அது சம்பளம், அதுவும் குறைச்சலான சம்பளம். யாரும் பிடிக்காவிட்டால் வரிசையின் கடைசியில் நிற்கிறவர் பிடிப்பார். அவருக்கு அது வட்டி.

*

எம்க்யூவில் சந்தேகத்தில் நிற்கும் பரிவர்த்தனைகளைப் பார்க்க ஒரு கட்டளை உண்டு, தீர்க்க இன்னொன்று உண்டு. இரண்டாவதன் பெயர் ஆர்எஸ்வி-எம்க்யூ-டிஆர்என், வாயில் நுழையாது. ஒருங்கிணைப்பவர் திரும்பி வரவே மாட்டார் என்று உறுதியான பிறகு கடைசி வழியாக மனிதன் தட்டுவது. சி என்று கொடுத்தால் முடித்துவிடும், பி என்று கொடுத்தால் கலைத்துவிடும். எது சரி என்று மென்பொருள் சொல்லாது, அதற்கே தெரியாது. ஆவணம் பார்க்க வேண்டும், மறுமுனைக்குப் போன் பண்ண வேண்டும், அங்கே என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும்.

இப்போது என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு நிறுவுவதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மதியம் போதும். உரிமம் இப்போது தலைவலி இல்லை. இந்த ஒரு கட்டளைக்கு மட்டும் தனியாக ஒரு நாள் எடுத்துக்கொள்கிறேன். சோதனைக் கணினியில் வேண்டுமென்றே ஒரு பரிவர்த்தனையைப் பாதியில் நிறுத்தி வைப்பேன். பட்டியலில் ஒரு நீள எண் மட்டும் நிற்கும். சியா, பியா என்று கேட்பேன். பெரும்பாலும் யாராவது ஒருவர் சட்டென்று கையை விசைப்பலகைக்குக் கொண்டுபோவார். "இரு, அது யாரோட துட்டுன்னு மொதல்ல கண்டுபிடி" என்பேன்.